பூவார்: மணல் திட்டை நம்பிய சுற்றுலாப் பொருளாதாரம்

கேரள மாநிலம் திருவனந்தபுரத்திற்குத் தெற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில், தமிழக எல்லையையொட்டி அமைந்துள்ள கடலோர ஊர் பூவார். அகத்தியமலைப் பகுதியில் உற்பத்தியாகும் நெய்யாறு, 56 கி.மீ. பாய்ந்து இங்கு அரபிக் கடலில் கலக்கிறது.

விளம்பரங்களில் 'பூவார் தீவு' எனப்பட்டாலும், மாலத்தீவு போலக் கடல் நடுவே அமைந்த நிலம் அல்ல இது. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல் திட்டும், அதையொட்டிய காயலுமே அந்தத் 'தீவு'. படகில் மட்டுமே சென்றடையக்கூடிய விடுதிகளும், மிதக்கும் குடில்களும் பயணிகளை ஈர்க்கின்றன. முன்பு மீன்பிடித்தலையே பெரிதும் நம்பியிருந்த ஊரில், படகோட்டுதலும் விடுதிப் பணியும் இன்று வருவாய் தருகின்றன.

இந்த வருவாய்க்கு அடிப்படை, இடம் மாறும் மணலாகும். மழை குறைந்த மாதங்களில் அலைகள் மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைக்கின்றன. உள்ளூரில் இதனைப் 'பொழி' என்பர். பருவமழையில் ஆறு பெருகும்போது பொழி தானாகவே உடைவதுண்டு. உடையாவிடில் தாழ்வான பகுதிகளில் நீர் புகும் என்பதால், அதனை வெட்டிவிட வேண்டியுள்ளது. பொழி உடைந்த நாள்களில் நீரோட்டம் கடுமையாக இருப்பதால், திட்டருகே படகு செலுத்துவது ஆபத்தானது. கரையில் வசிப்போருக்கு நிம்மதி தரும் அதே உடைப்பு, படகோட்டிக்கு வருமான இழப்பாகிறது.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல், திருவனந்தபுரத்தின் தென் கடலோர மீனவர் பலரின் உயிரைப் பறித்தது. பூவாருக்கு வடக்கே விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கடலரிப்பு குறித்த மீனவர்களின் அச்சம் இன்னும் நீங்கவில்லை.