படம் வரைந்தவன் பங்கு

முதல் நூலை அச்சேற்ற முனைவோர், படம் சேர்ப்பதா என்று எண்ணும்போது அச்சுக் கூலியையே கணக்கிடுவர். வரைந்தவனின் உரிமையைக் கணக்கிடுவோர் அரியர்.

1872இல் மானிப்பாய் டாக்டர் கிறீனும் அவர்தம் மாணாக்கரும் தமிழுக்குத் தந்த 'மனுஷ அங்காதிபாதம்', தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலாது என்போருக்கு நாம் காட்டும் சான்று. அதன் மூலநூலாசிரியர் ஹென்றி கிறே என்பதை அறிவோம். அந்த மூலநூலுக்குப் படம் வரைந்த ஹென்றி கார்ட்டரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மண்ணீரல் குறித்துக் கிறே 1854இல் வெளியிட்ட முதல் நூலுக்கும் கார்ட்டரே வரைந்தார். அதில் அவருக்கு நன்றிச் சொல் ஒன்றேனும் இல்லை. 1858இல் உடற்கூற்று நூல் வந்தது. உறுப்பின் பெயரை உறுப்பின்மேலேயே பொறித்த அப்படங்களன்றோ மாணவரை ஈர்த்தன! ஆயினும் கிறேயுக்கு விற்பனையாகும் ஆயிரம் பிரதிதோறும் 150 பவுண். கார்ட்டருக்கோ ஒரே தடவை 150 பவுண். முகப்புப் பக்கத்தின் அச்சுப்படியில், தம் பெயருக்கு நிகராக நின்ற கார்ட்டரின் பெயரைச் சிறிய எழுத்தாக்கும்படி திருத்தியவரும் கிறேயே.