ஆளுக்கு ஒரு கதவு

நாவல் எழுதுகிறவனுக்குக் கதவைப் போல உபயோகமான பொருள் வேறு கிடையாது. ஒருவன் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டான் என்று எழுதிவிட்டால் போதும். அவன் மனத்துக்குள் நுழைய எனக்கு வழி கிடைத்துவிடுகிறது. தெருவில் படுத்துக் கிடப்பவனைப் பற்றி எழுதும்போது இந்தச் சௌகரியம் இல்லை. அவன் அழுவதும், இருமுவதும், துணி மாற்றுவதும் பத்துப் பேர் பார்க்கத்தான். அவனுக்குத் தர்மம் செய்யப் புறப்பட்டவர்கள் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள், கம்பளி கொடுத்திருக்கிறார்கள், பெரிய கூடங்களைக் கட்டி வரிசையாகப் படுக்கவும் வைத்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையைக் கொடுப்பது மட்டும் அதிகப்படியான தயாளம் என்றே அநேகமாக எல்லாத் தேசத்தாருக்கும் தோன்றியிருக்கிறது. ஊரில் கொள்ளை நோய் புகுந்துவிட்டால்தான் இந்த எண்ணம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

இத்தாலி தேசத்து மிலான் நகரத்தில், கோட்டைச் சுவருக்கு வெளியே, கிழக்கு வாசலுக்கு அருகில், 1488-ல் ஒரு கட்டடத்தை ஆரம்பித்தார்கள். பிளேக் நோயாளிகளுக்கென்று ஏற்பட்டது. லாஸரெத்தோ என்று பெயர். நடுவில் விசாலமான மைதானம். அதன் நாலு பக்கமும் வரிசையாக 288 சிறிய அறைகள். முன்புறம் தூண்கள் வைத்த தாழ்வாரம். வெளியே சுற்றிலும் அகழி. ஒவ்வோர் அறைக்கும் தனிக் கதவு, ஜன்னல், குளிர்காய ஒரு கணப்பு, மலஜலம் கழிக்க ஒரு துளை. பிளேக் எப்படிப் பரவுகிறது என்பது அந்தக் காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. எலியையும் தெள்ளுப்பூச்சியையும் யாரும் சந்தேகிக்கவில்லை; கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். காரணம் தெரியாமலேயே காரியத்தைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். 1576-ல் வந்த பிளேக்குக்குப் பிறகு, அவ்வூர் அதிமேற்றிராணியார் கார்லோ பொரோமேயோ, மைதானத்தின் மத்தியில் ஓர் எண்கோணக் கோவிலுக்கு ஏற்பாடு செய்தார். எல்லாப் பக்கமும் திறப்பாக விட்ட கோவில் அது. நோயாளி தன் அறை வாசலை விட்டு நகராமலே பூசையைப் பார்க்கலாம்.

இவ்வளவு யோசனையோடு கட்டிய கட்டடத்தைப் பின்னால் வந்தவர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்பதை மன்ஸோனி எழுதியிருக்கிறார். அவருடைய 'நிச்சயிக்கப்பட்ட ஜோடி' என்ற நாவல் முதலில் 1827-ல் வெளிவந்தது. காதலனையும் காதலியையும் அந்தரத்தில் நிறுத்திவிட்டு, பஞ்சத்தையும் பிளேக்கையும் பற்றி அத்தியாயம் அத்தியாயமாகச் சரித்திரம் சொல்லிக்கொண்டு போகிறார் மனிதர். இன்று நான் ஒரு தொடர்கதையில் அப்படிச் செய்தால் நாலாவது வாரமே பத்திரிகாசிரியரிடமிருந்து ஆள் வந்துவிடும். ஆனால் அந்த அத்தியாயங்கள்தான் புத்தகத்திலேயே உயர்ந்தவை என்பது என் அபிப்பிராயம்.

1628-ல் விளைச்சல் இல்லை. கிராமத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மிலானுக்குள் வந்து தெருவோரங்களில் விழுந்தார்கள். மறு வருஷம் வசந்த காலத்தில், இவர்களால் வியாதி வந்துவிடும் என்று அதிகாரிகளுக்குப் பயம் பிடித்தது. பிச்சைக்காரர்களை எல்லாம் லாஸரெத்தோவில் சேர்த்து, பொதுச் செலவில் சோறு போடுவது என்று தீர்மானித்தார்கள். காலியாகக் கிடக்கும் கட்டடம்; 288 அறைகள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. சுகாதார சபையார் மட்டும், இத்தனை பேரை ஓரிடத்தில் அடைத்தால் இல்லாத வியாதியும் வரும் என்று ஆட்சேபித்தார்கள். அது எடுபடவில்லை. தாமாக வரச் சொல்லி அழைத்தபோது கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். அதன்மேல் சேவகர்களை ஏவி, பிடித்து வருகிற தலைக்கு இவ்வளவு என்று கூலியும் நிர்ணயித்தார்கள். பத்தாயிரம் பேர் வரையில் உள்ளே சேர்ந்தார்கள். ஓர் ஆளுக்கென்று கட்டிய அறையில் இருபது பேர், முப்பது பேர். அழுகின வைக்கோல், கலப்பட ரொட்டி, கெட்ட தண்ணீர். சாவு நாளுக்கு நூறைத் தாண்டியது. வேறு வழியில்லாமல் கதவைத் திறந்துவிட்டார்கள். உயிரோடிருந்தவர்கள் பழையபடி தெருவுக்கே ஓடினார்கள்.

அந்த வருஷமே இலையுதிர் காலத்தில், மாந்துவா யுத்தத்துக்குப் போன ஜெர்மானியப் பட்டாளங்களோடு நிஜமான பிளேக் வந்து சேர்ந்தது. 1630-ல் லாஸரெத்தோ மறுபடி நிரம்பியது. பெலிச்சே கஸாத்தி என்ற கப்புச்சின் துறவி அதன் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அறைகள் போதாமல் மைதானம் முழுவதும் குடிசை போட்டார்கள். நகரத்தின் ஜனத்தொகையில் ஏறக்குறையப் பாதி அழிந்தது. கட்டடத்தை 1880-களில் இடித்துவிட்டார்கள். அந்த மனையில் இப்போது நல்ல மாடி வீடுகளும் தெருக்களும் இருக்கின்றன. ஒரு தெருவுக்குக் கஸாத்தியின் பெயர். எண்கோணக் கோவில் இன்னும் நிற்கிறது, இப்போது சுவர் வைத்து அடைத்து.

இங்கிலாந்தில் தனி அறைக்கு வேறு அர்த்தம் இருந்தது. 1866 ஜனவரியில் ஜேம்ஸ் கிரீன்வுட் என்ற பத்திரிகைக்காரர் பரதேசி வேஷம் போட்டுக்கொண்டு, லண்டனில் லாம்பெத் ஏழை விடுதியின் கொட்டகையில் ஓர் இரவு படுத்திருந்துவிட்டு வந்தார். குளிரில் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு கிடந்த கூட்டத்தைப் பற்றி அவர் எழுதியது ஊரையே உலுக்கிவிட்டது. அடுத்த பதினைந்து இருபது வருஷங்களில் பல விடுதிகளில் கொட்டகைக்குப் பதிலாகத் தனித்தனி அறைகள் கட்டினார்கள். பரதேசியின் சௌகரியத்துக்காக அல்ல. கூட்டாளிகளோடு பேசிச் சிரிக்க முடியாமல் போனால் மறுபடி வர மாட்டான் என்பதற்காக. சில இடங்களில் படுக்கும் அறைக்கு அடுத்தாற்போல் கல்லுடைக்கும் அறை. சுவரில் கம்பிச் சல்லடை. அந்தச் சல்லடைக் கண் வழியாக வெளியே விழும் அளவுக்கு ஜல்லியை உடைத்துத் தள்ளினால்தான் விடுதலை. இந்த ஏற்பாட்டையும் கடைசியில் முழுதாக நடத்தவில்லை. 1933-ல் வெளியான தம் புத்தகத்தில் ஜார்ஜ் ஆர்வெல், எட்டடிக்கு ஐந்தடி அறையில் இரண்டு பேரைப் போட்டுப் பூட்டினதைச் சொல்லியிருக்கிறார். கதவு இருந்தது, தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

இத்தனையையும் படித்தவனுக்கு 2020-ம் வருஷம் புதிதாகத் தோன்ற நியாயமில்லை. ஆனாலும் அந்த மார்ச் மாதக் கடைசியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு புகைப்படம் என்னைத் திகைக்க வைத்தது. லாஸ் வேகாஸ் நகரத்தில் வீடற்றவர்கள் தங்கும் ஒரு விடுதியில் ஒருவருக்குக் கொரோனா கண்டு, விடுதியை மூடிவிட்டார்கள். அங்கிருந்தவர்களைக் கார் நிறுத்தும் ஒரு திறந்த மைதானத்தில் கொண்டுபோய்விட்டார்கள். சிமெண்டுத் தரையில் வெள்ளைச் சாயத்தால் கட்டம் போட்டு, ஆறடி இடைவெளியில் படுக்க வைத்திருந்தார்கள். சூதாட்டத்துக்கும் கேளிக்கைக்கும் பேர்போன அந்த ஊரில் சுமார் 1,50,000 ஹோட்டல் அறைகள் உண்டு. கவர்னர் உத்தரவினால் சூதாட்ட விடுதிகள் அத்தனையும் மூடிக் கிடந்த சமயம் அது.

கூடத்தில் படுக்க வைத்தாலோ? ஏப்ரல் ஆரம்பத்தில் பாஸ்டன் நகரத்தின் பெரிய விடுதி ஒன்றில் 408 பேரைப் பரிசோதித்தார்கள். 147 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. இருமுகிறவனை மட்டும் ஒரு மூலைக்கு அனுப்பிவிட்டால் போதும் என்ற பழைய வைத்தியம் அதோடு தீர்ந்தது. ஆளுக்கு ஓர் அறை கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆயிற்று. கலிபோர்னியா கவர்னர் ஏப்ரல் 3-ந் தேதி, 15,000 ஹோட்டல் அறைகளை வாடகைக்கு எடுக்கப் போவதாக அறிவித்தார். ஆனால் முழு மூச்சாக அதைச் செய்தது இங்கிலாந்துதான்; கல்லுடைக்கச் சொன்ன அதே இங்கிலாந்து.

மார்ச் 23-ந் தேதி இரவு அங்கே பிரதம மந்திரி, வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று ஜனங்களுக்கு உத்தரவிட்டார். முந்தின இலையுதிர் காலத்துக் கணக்குப்படி ஓர் இரவில் 4,266 பேர் தெருவில் படுத்திருந்த தேசம் அது. மாதா கோவில் கூடங்களில் தரையில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தவர்கள் இந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. மூன்று நாள் கழித்து, மந்திரி லூக் ஹால் நகரசபைகளுக்குக் கடிதம் எழுதினார்: வார இறுதிக்குள் எல்லோரையும் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். 1999-ல் பிளேர் சர்க்கார் இதே பிரச்னைக்காக ஏற்படுத்திய பிரிவை நடத்திய லூயிஸ் கேஸி அம்மையாரிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். உல்லாசப் பிரயாணிகள் இல்லாமல் ஹோட்டல்கள் ஈயோட்டிக்கொண்டிருந்தன. நகரசபைகள் அவற்றை மொத்தமாக வாடகைக்கு எடுத்தன. ஏப்ரல் நடுவில் சர்க்கார் சொன்ன கணக்கு, சுமார் 5,400 பேருக்கு இடம் கொடுத்தாகிவிட்டது என்பது. தெருவில் இருப்பதாகத் தெரிந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர்.

இதில் ஹோட்டலை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1977-ல் வந்த சட்டம், வீடற்றவர்களுக்கு இடம் தரும் கடமையை நகரசபைகள்மேல் சுமத்தியது. கூடவே சில கேள்விகளையும் கொடுத்தது. உனக்குக் குழந்தை உண்டா? நீ கர்ப்பிணியா? தீராத வியாதியா? இந்த ஊருக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்? உடம்பில் வலு உள்ள ஒண்டிக்கட்டை ஆண்பிள்ளை இந்தக் கேள்விகளில் பெரும்பாலும் தேறமாட்டான். வெளிநாட்டிலிருந்து வந்து, பொதுப் பணத்தில் உதவி பெற உரிமையில்லாதவன் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது. அந்தச் சில மாதங்களுக்கு இந்தக் கேள்விகளை மூட்டை கட்டி வைத்தார்கள். தெருவில் இருக்கிறாயா, வா என்பதோடு சரி.

அறைக்குள் போனவர்களுக்குச் சாப்பாடு வாசலுக்கு வந்தது. வைத்தியர்களும் தாதிகளும் தேடிவந்து பார்க்க முடிந்தது. இன்று இந்தப் பாலத்தடியில், நாளை வேறெங்கோ என்று இருப்பவனுக்கு மருந்து கொடுப்பது எத்தனை சிரமம் என்பதை யோசித்தால் இது சின்ன விஷயமல்ல. எல்லோருக்கும் அந்தத் தனிமை ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. வருஷக்கணக்கில் நாலு பேர் நடுவில் தூங்கிப் பழகினவனுக்கு நாலு சுவர் பயமாயிருக்கும். சிலர் தாமாக வெளியேறினார்கள். சிலரை ஹோட்டல் விதிகள் வெளியேற்றின. ஆனால் ஜூன் 26-ந் தேதி வரையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகக் கொரோனாவினால் இறந்த வீடற்றவர்கள் 16 பேர் என்று புள்ளிவிவர அலுவலகம் கணக்கிட்டது. தனி அறை முதலிய ஏற்பாடுகள் இல்லாதிருந்தால் முதல் அலையில் இன்னும் 266 பேர் இறந்திருக்கலாம் என்று லண்டன் ஆராய்ச்சியாளர்கள் கணித்தார்கள். கணிதந்தான், இறக்காதவர்களை எண்ணுவதற்கு வேறு உபாயம் ஏது?

இது இரக்கத்தால் வந்ததா, தொற்றிவிடுமே என்ற பயத்தால் வந்ததா என்று கேட்கலாம். பயந்தான் என்று நினைக்கிறேன். அதற்காக நான் குறை சொல்லத் தயாரில்லை. மிலான் அதிகாரிகளும் பயந்துதான் செய்தார்கள். அவர்கள் பயந்தது தெருவில் கிடந்தவர்களைப் பார்த்து. அதனால் தெரு காலியானதும் அவர்கள் வேலை முடிந்தது. லண்டனில் பயந்தது நோயைப் பார்த்து. நோய்க்கு ஏழையின் மூச்சும் பணக்காரன் மூச்சும் ஒன்றாகையால், ஏழையின் அறையையும் ஒழுங்காகக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கோடையில் ஹோட்டல்கள் மறுபடி வியாபாரத்துக்குத் திறந்தன. கேள்விகள் ஒவ்வொன்றாக மூட்டையிலிருந்து வெளியே வந்தன. எந்த ஊரில் எந்தக் கேள்வி என்பது அந்தந்த நகரசபையின் கைப்பணத்தைப் பொறுத்தது. நவம்பர் கடைசி வரையில் 33,139 பேருக்கு இடம் கொடுத்திருந்தார்கள் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் எழுதியது. தெருவில் 4,266 பேர் என்று கணக்கெடுத்த தேசத்தில் இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதே தனி விஷயம். ஓர் இரவில் எண்ணுகிற கணக்கு எவ்வளவு பேரைத் தவற விடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்களில் 23,273 பேர் ஓரளவு நிலையான வீடுகளுக்குப் போய்விட்டார்கள். இது லேசான சாதனை அல்ல. மற்ற 9,866 பேர் இன்னும் ஹோட்டல் முதலிய தற்காலிக இடங்களிலேயே இருந்தார்கள்.

அந்த இலையுதிர் காலத்து இரவுக் கணக்கு 2,688. மறு வருஷம் 2,440. அதன் பிறகு ஏறத் தொடங்கி, 2024 இலையுதிர் காலத்தில் 4,667-க்கு வந்து நின்றது. ஹோட்டல்களைத் திறப்பதற்கு முன்பிருந்ததைவிட 401 பேர் அதிகம். அந்த 4,667 பேரில் யாராவது நகரசபை அலுவலகத்துக்குப் போயிருந்தால், குழந்தை உண்டா, வியாதி உண்டா என்ற கேள்வியிலிருந்துதான் ஆரம்பித்திருப்பார்கள். வடக்கே ஸ்காட்லாந்தில் அந்தக் கேள்வியை 2012-ன் கடைசியோடு எடுத்துவிட்டார்கள்.