மைசூரில் இனிப்பு பழக்கமான வரலாறு

பழைய மைசூர்ச் சீமையின் உழவர் குடும்பங்கள் கேழ்வரகுக் களியையும் அவரை, கொள்ளு, கீரை ஆகியவற்றால் ஆன குழம்பையும் உண்டு வாழ்ந்தவை. யுகாதி, தசரா, திருமணம் போன்ற நாள்களுக்கே உரியதாக இருந்த இனிப்பும் பெரும்பாலும் வெல்லத்தால் ஆனது. அரண்மனையின் உணவு வேறு. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் சமையற்காரர் காகாசுர மாதப்பா கடலைமாவையும் நெய்யையும் சர்க்கரைப் பாகில் கிளறி மைசூர்பாகை உருவாக்கினார் என்பது அந்நகரில் வழிவழியாக வழங்கும் செய்தி. அவருடைய வழித்தோன்றல்களின் குரு ஸ்வீட் மார்ட், தேவராஜா சந்தையை ஒட்டிய சையாஜி ராவ் சாலையில் இன்றும் இருக்கிறது.

அரண்மனைப் பண்டம் எளியவர் கைக்கும் எட்டியதில் நீருக்கும் பங்கு உண்டு. 1911இல் பணி தொடங்கிய கண்ணம்பாடி அணையின் கால்வாய் நீர் மண்டியா வட்டாரத்தின் புன்செய் நிலங்களைக் கரும்பு வயல்களாக்க, 1933இல் அங்கே மைசூர் சர்க்கரை நிறுவனம் எழுந்தது. வெள்ளைச் சர்க்கரை மைசூருக்கு அண்டை ஊரிலேயே விளையும் பொருளாயிற்று.

உண்ணும் பழக்கங்களை ஆராய்வோர் 'தூண்டுகுறி' என்று கூறுவது, பசி இல்லாதபோதும் உண்ணும் எண்ணத்தை எழுப்பும் வேளை, இடம், உடனிருப்போர், மனநிலை முதலியவற்றை; ஒரே சூழலில் ஒரே உணவு பலமுறை கிடைத்தால், பின்னர் அச்சூழல் ஒன்றே கையை உணவை நோக்கி நீளச் செய்யும். மைசூரில் நிகழ்ந்ததும் இதுவே. 'நல்ல நாள்' என்னும் பழைய குறி மாறவில்லை, ஆனால் பதவி உயர்வு, தேர்வு முடிவு, விருந்தினர் வருகை, மாலைக் காப்பி என்று நல்ல நாள்கள் பெருகிவிட்டன. பஞ்ச காலத்தில் குடும்பத்தைத் தாங்கிய, கிடைத்தபோது உண்ணும் ஆசை, பண்டம் மலிந்த காலத்தில் உடலுக்குச் சுமையாயிற்று என்பதால், இதை மனவலிமையின் குறை என்று பழிப்பது அநீதியாகும்.

உடலின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1934 முதல் குழந்தைகளின் பிறப்பெடையையும் நீளத்தையும் ஏடுகளில் குறித்து வந்தது. அவர்களை நடுவயதில் தேடிக் கண்டு ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவுகள், பிறப்பில் நீளம் குறைந்து பருத்திருந்தவர்களிடமும் எடை மிகுந்த தாய்மாருக்குப் பிறந்தவர்களிடமும் நீரிழிவு கூடுதலாக இருந்ததைக் காட்டின. நோய்க்கு இடம் தரும் தன்மையின் ஒரு பகுதி கருவிலேயே அமைந்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

1950இல் மைசூரின் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்ககாலக் கவலை பற்றாக்குறையே. நிலக்கடலை மாவும் கடலைமாவும் கலந்த மலிவான புரத உணவை அது உருவாக்கியது. மைசூர்பாகுக்கு உரிய அதே கடலைமாவு பசிக்கும் மருந்தாயிற்று என்பது எண்ணத்தக்கது.

பழக்கத்தை மாற்ற முனைவோர் வேளையையும் உறவையும் விட வேண்டியதில்லை. அவ்வேளைக்குரிய பண்டத்தை மாற்றினால் போதும். ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரித் துருவல் சேர்த்த கோசம்பரி இராமநவமியில் மைசூர் வீடுதோறும் உண்டு. அலுவலகங்களின் மாலைத் தட்டில் அதற்கு இடம் தந்து, மைசூர்பாகைத் தசராவுக்கே திருப்பித் தருவது அந்நகரத்தாரால் இயலும். செய்ய வேண்டியதும் அதுவே.