மகமையும் மலையடிவாரமும்

சிறுதுளி பெருவெள்ளம் என்பது நம்மவர் யாவரும் அறிந்த மொழி. அம்மொழியை நம் முன்னோர் ஓர் ஏற்பாடாகவே ஆக்கி நடத்தினர். அதுவே மகமை. இன்று அதனை வசூலிப்போரும் செலுத்துவோரும் பலர். அது எவ்வாறு தோன்றியது, எதனால் நிலைத்தது என்பதை அறிந்தவர் சிலரே. ஆதலின் அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையினின்று உப்பும் கருவாடும் கருப்பட்டியும் ஏற்றி வடக்கே சென்ற நம் வணிகர்க்கு வழியிற் கள்வர் பயம் மிகுதி. எனவே வண்டியும் மாடும் சரக்கும் காவலோடு தங்குதற்குப் பேட்டைகள் அமைத்தனர். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி ஆகிய ஊர்களில் நம்மவர் குடியேறி வாணிகம் வளர்த்தது இவ்வாறே. பேட்டையின் செலவுக்காக, வரும் சரக்கின்மீதும் போகும் சரக்கின்மீதும் ஒரு சிறு பங்கு எடுத்து வைக்கப்பட்டது. அப்பங்கே மகமை எனப் பெயர் பெற்றது.

இதனை நிர்வகித்தது உறவின்முறை. முறைகாரர் பொறுப்பு ஒருவரிடமே தங்காது குடும்பத் தலைவர்களிடையே முறை மாறி வந்தது. வரவு செலவுக் கணக்கு கூட்டத்தார் முன் வைக்கப்பட்டது. நேற்றுக் கணக்குக் கேட்டவர் நாளைக் கணக்குச் சொல்ல வேண்டியவராதலின், பொதுப்பணத்தில் அச்சமும் அக்கறையும் எல்லார்க்கும் ஒருங்கே இருந்தன. செல்வர் ஒருவர் மனமுவந்து ஈயும் கொடை அவர் மனம் மாறின் நின்றுவிடும். மகமையோ வாணிகம் நடக்குமளவும் ஊறிக்கொண்டிருக்கும்.

அவ்வூற்றினின்று கிணறும் கோயிலும் சாவடியும் எழுந்தன. பின்னர்ப் பள்ளிகள் எழுந்தன. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையைப் பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே ஊரார் அழைத்தனர். நம் பெண்மக்கள் உலையிடும்போது ஒரு பிடி அரிசி பள்ளிக்கென எடுத்து வைத்தனர். அது திரட்டி விற்கப்பட்டுப் பள்ளிக்கு நிதியாயிற்று. அப்பள்ளி எல்லாச் சாதிப் பிள்ளைகட்கும் திறந்திருந்தது. அங்குப் பயின்ற காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956இல், பள்ளிப் பிள்ளைகட்கு மதிய உணவு அளிக்கும் திட்டம் நாடெங்கும் பரவியது.

இடையில் நம் சமூகம் பட்ட துன்பங்களும் பல. 1897இல் எழுந்த கமுதிக் கோயில் வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் நமக்கு மாறாக முடிந்தது. 1899இல் சிவகாசி கொள்ளையிடப்பட்டது. ஊர்தோறும் தனித்தனி நின்ற உறவின்முறைகளை இணைத்தலன்றி உய்வில்லை என்பது அப்பொழுது விளங்கிற்று. 1910இல் பொறையாறு இரத்தினசாமி நாடார் அவர்கள் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. வறிய மாணாக்கர்க்குச் சங்கம் கல்விக் கடன் அளித்தது. கற்றவர் பொருளீட்டித் திருப்பிய தொகை அடுத்தவர் கல்விக்குப் பயன்பட்டது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி நிறுவப்பெற்றது. அதுவே 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் பெற்றது.

நிற்க. நம் பக்கத்து நிலையைக் காண்போம். தேனியில் மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறையார் பள்ளியும் கலைக்கல்லூரியும் பொறியியற் கல்லூரியும் நடத்துவது நமக்கெல்லாம் பெருமையே. போடிநாயக்கனூரோ ஏலக்காய் வாணிகத்தால் வாழும் ஊர். மலைமேல் விளையும் காய் போடிமெட்டு வழியே இறங்கி ஈண்டு ஏலத்திற்கு வருகிறது. காய் இறங்கும் அப்பாதையிலேயே, விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து ஏழைப் பெண்கள் பலர் தோட்ட வேலைக்கு மலையேறுகின்றனர். மூட்டைக்கு மகமை உண்டு. மூட்டையை நிறைத்த கைக்கு என்ன உண்டு என்று நாம் எண்ண வேண்டாமா?

1951இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ உதவி, குடியிருப்பு முதலியவற்றைத் தோட்ட முதலாளிகளின் கடமையாக்கியது. 50 பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தது. ஆயினும் சிறு தோட்டத்திற்கு நாட்கூலியாய்ச் சென்று மாலையில் மீள்வோர்க்குச் சட்டத்தின் நிழல் எட்டுதல் அரிது. அவர்தம் குழந்தைகள் பகற்பொழுதைக் கழிப்பது மலையடிவாரத்து ஊர்களிலேயே. அங்கே ஒரு காப்பகமும், மாலைப் படிப்பு வகுப்பும், மருந்துச்சாலையும் அமைத்தல் நம் போன்ற சங்கங்கட்கு இயலாத காரியமன்று.

அவர்கள் நம் சாதியார் அல்லரே எனச் சிலர் கூறக்கூடும். பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார் மலைத்தோட்டம் உடையவர். நம் சங்கத் தலைவராய் விளங்கியவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளுக்கு இடமில்லை என ஆணையிட்டவரும் அவரே. தாம் வழிநடையில் தடுக்கப்பட்ட துன்பத்தை அறிந்தோர் பிறர் தடுக்கப்படுவதைப் பொறார்.

சங்கங்கள் ஆண்டுக்கூட்டம் கூட்டித் தணிக்கைக் கணக்கை வைத்தல் வேண்டும் என 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பணிக்கிறது. நம் முன்னோர் சட்டம் பணிக்காமலே அதனைச் செய்தனர். அன்பர்காள்! வரும் ஆண்டுக்கூட்டத்தில் கணக்குப் படிக்கப்படும்போது, எவ்வளவு சேர்ந்தது என்பதோடு எவர்க்குச் சென்றது என்பதையும் தவறாது கேட்பீராக.