கரி படிந்த மரமும் கறுப்பு அந்துப்பூச்சியும்

முன்னுரை

உயிரினங்கள் தாம் வாழும் சூழலுக்கேற்பத் தகவமைகின்றன என்று பாடநூல்கள் கூறுகின்றன. இது பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல நடப்பது என்பதே பலரின் எண்ணம். ஆனால் ஐம்பதே ஆண்டுகளுக்குள், மனிதரின் கண்ணெதிரே அது நடந்த வரலாறு ஒன்று உண்டு. அதன் நாயகன் இங்கிலாந்தின் ஒரு சிறிய அந்துப்பூச்சி.

கறுப்பு வந்த கதை

'பிஸ்டன் பெட்டுலாரியா' எனப்படும் இப்பூச்சி இரவில் பறக்கும். பகலில் மரங்களில் அசையாமல் ஒட்டியிருக்கும். அதன் வெளிர் நிற இறக்கைகளில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் உண்டு. லைக்கன் படர்ந்த மரப்பட்டையில் அது இருப்பதே தெரியாது.

தொழிற்புரட்சி வந்தது. ஆலைப்புகையால் லைக்கன்கள் அழிந்து, மரங்களில் கரி படிந்தது. 1848-ல் மான்செஸ்டரில் முழுவதும் கறுப்பான ஓர் அந்துப்பூச்சி பிடிபட்டது. 1895-ல் அங்கே நூற்றுக்கு 98 பூச்சிகள் கறுப்பு!

எந்தப் பூச்சியும் தன் நிறத்தைத் தானே மாற்றிக்கொள்ளவில்லை. கரி படிந்த மரத்தில் வெளிர் பூச்சிகள் பறவைகளுக்கு இரையாயின. கறுப்பாகப் பிறந்தவை தப்பிப் பிழைத்து முட்டையிட்டன. இக்கருத்தை 1896-ல் ஜே. டபிள்யூ. டட் முன்வைத்தார். ஆனால் சான்று?

கெட்டில்வெல்லின் சோதனை

1953-ல் பெர்னார்ட் கெட்டில்வெல், பர்மிங்காம் அருகே புகை படிந்த காட்டில், அடையாளமிட்ட பூச்சிகளைப் பறக்கவிட்டு மீண்டும் பிடித்தார். கறுப்பில் 27.5 சதவீதமும் வெளிர் நிறத்தில் 13 சதவீதமும் கிடைத்தன. 1955-ல் டார்செட்டின் தூய்மையான காட்டில் முடிவு தலைகீழானது: வெளிர் 12.5, கறுப்பு 6.3 சதவீதம்.

1956-ல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை குறையக் குறைய, கறுப்புப் பூச்சிகளும் அருகின.

ஐயமும் விடையும்

பின்னாளில் அச்சோதனை மீதே ஐயம் எழுந்தது. இரவில் பறக்கும் பூச்சியைப் பகலில் மரத்தில் விடுவது இயல்பானதா என்று கேட்டனர். பரிணாமக் கொள்கையை மறுப்பவர்களும் இதைப் பிடித்துக்கொண்டனர்.

கேம்பிரிட்ஜ் அறிஞர் மைக்கேல் மஜெரஸ் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. சோதனையை மீண்டும் செய்தார். 2001 முதல் 2007 வரை 4,864 பூச்சிகளைக் கண்காணித்தார். பறவைகள் உண்பதைத் தம் கண்ணாலேயே பார்த்துக் குறித்தார். புகையற்ற அவ்விடத்தில் கறுப்புப் பூச்சிகளே அதிகம் இரையாயின. 2009-ல் அவர் மறைந்தார். சக அறிஞர்கள் 2012-ல் அம்முடிவுகளை வெளியிட்டனர்.

முடிவுரை

கறுப்புக்குக் காரணமான மரபணு மாற்றம் 1819-ஐ ஒட்டி நிகழ்ந்திருக்கலாம் என 2016-ல் ஆய்வாளர்கள் கணித்தனர். புகை சூழ்ந்த நாளில் உயிர் காத்த அதே நிறம், புகை நீங்கியதும் பறவைக்குக் காட்டிக்கொடுத்தது. எந்தத் தகவமைப்பும் அதற்குரிய சூழல் உள்ளவரைதான் பயன் தரும் என்பதை இச்சிறு பூச்சியின் வரலாறு உணர்த்துகிறது.