கைதியாகப் போனவர், வங்கிக்கு இடம் கொடுத்தவர்

நான் படித்துத் தெரிந்துகொண்ட மேரி ரெய்பி பற்றி எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் 1777-ல் பிறந்த பெண். 13 வயசில் ஆம்பளைப் பையன் வேஷத்தில் திரிந்தபோது, குதிரை திருடியதாகப் பிடிபட்டாள். துணிமணி திருடினாலே நாடு கடத்திய காலம் அது. மேரிக்கு 7 வருஷத் தண்டனை. கப்பலில் ஏற்றி, 1792-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இறக்கிவிட்டார்கள்.

அங்கே தாமஸ் ரெய்பி என்பவரைக் கல்யாணம் பண்ணினார். 1811-ல் கணவர் இறந்தபோது 7 பிள்ளைகள். அந்தம்மா உட்கார்ந்து அழுதுகொண்டே இருக்கவில்லை. கடை, கிடங்கு, கப்பல் என்று எல்லா வியாபாரத்தையும் தானே நடத்தினார். 1817-ல் நியூ சவுத் வேல்ஸ் வங்கி தொடங்கியபோது, மேரியின் வீட்டைத்தான் வாடகைக்கு எடுத்தார்கள். இன்றைக்கு ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் அவர் படம் இருக்கிறது.

நம்ம ஊர்ல ஒருத்தி மேல ஒருதரம் பழி விழுந்துட்டா, குழுவுல சேர்க்கவே தயங்குறோம். அடுத்த கூட்டத்துல அப்படி ஒருத்தி பேர் வந்தா, பழைய கதையைக் கிளறாம, சேமிப்பை ஒழுங்கா கட்டுறாளான்னு மட்டும் பார்ப்போமே.