திருகுகுமிழ் முதல் செயலி வரை

கைக்கடக்கமான கம்பியில்லா ஒலிபெருக்கி ஒன்றை அண்மையில் சோதித்துப் பார்த்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டா. கைப்பேசியோடு புளூடூத் வழியே இணைந்து உடனே பாடிற்று. ஆனால் ஒலியின் தன்மையை மாற்றவும், இரண்டு பெட்டிகளைச் சேர்த்து ஒலிக்கச் செய்யவும் அந்நிறுவனத்தின் செயலி வேண்டுமாம். செயலியோ முதலில் கணக்கைத் தொடங்கச் சொல்லிற்று. பிறகு இருப்பிடத்தைக் கேட்டது. பாட்டுக் கேட்க வந்தவரிடம் முகவரி கேட்கும் இவ்வழக்கம் எங்ஙனம் வந்தது?

1954-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரீஜென்சி டிஆர்-1, சந்தைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி. விலை 49.95 டாலர். நான்கு டிரான்சிஸ்டர்கள், ஒலியளவுக்கு ஒரு குமிழ், நிலையத் தேர்வுக்கு ஒரு குமிழ். விற்ற பிறகு அப்பெட்டியின்மீது நிறுவனத்திற்கு எவ்விதப் பிடியும் இல்லை.

புளூடூத்தின் கதையும் ஏறக்குறைய இத்தகையதே. 1994-இல் சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தார் தொடங்கிய ஆய்வு, 1998-இல் ஐந்து நிறுவனங்களின் கூட்டமைப்பாக வளர்ந்தது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்டின் பட்டப்பெயரே இதன் பெயராயிற்று. பொதுவிதி என்பதால் எவருடைய கைப்பேசியும் எவருடைய பெட்டியோடும் பேசும்.

செயலியின் வரலாறு வேறு. 2002-இல் தோன்றிய சோனோஸ் நிறுவனம், 2005-இல் தன் முதற் கருவிகளை விற்றபோது அவற்றை இயக்கத் தனிக் கையடக்கி ஒன்றையும் விற்றது. 2008-இல் ஐபோன் செயலி வந்தது. 2018-இல் அந்த முதற் கையடக்கிக்கான ஆதரவை நிறுவனமே நிறுத்திக்கொண்டது. 2019-இல் தூக்கிச் செல்லத்தக்க ‘மூவ்’ ஒலிபெருக்கி வந்தது. 2024 மே மாதம் செயலியை முற்றிலும் புதிதாக எழுதி வெளியிட்டார்கள். முன்பிருந்த எழுப்பொலி, உறக்கநேர அமைப்பு முதலிய வசதிகள் அதில் காணப்படவில்லை. திரைவாசிப்பானைத் துணைக்கொண்டு இயக்கிய பார்வையற்றோர் பெரிதும் இடர்ப்பட்டனர். பெட்டியில் பழுது ஏதுமில்லை. பணம் கொடுத்து வாங்கியவரும் பிழை ஏதும் செய்யவில்லை. ஆயினும் நேற்று இயன்றது இன்று இயலவில்லை. ஜூலையில் தலைமை நிர்வாகி பாட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கோரினார். 2025 ஜனவரியில் பதவி விலகினார்.

குமிழ் பெட்டியோடு விற்கப்பட்டது. செயலியோ விற்றவர் கையிலேயே இருக்கிறது. வாங்கிய பொருள் யாருடையது என்னும் பழைய வினா இங்கே புதிதாய் எழுகிறது.

ஆகவே ஒலிபெருக்கியைச் சோதிப்போர் ஒலியின் இனிமையோடு மற்றொன்றையும் சோதித்தல் நலம். நாம் செயலியை நீக்கினோம், இணையத்தைத் துண்டித்தோம், கைப்பேசியில் சேமித்திருந்த நாதசுர இசையை ஒலிக்கவிட்டோம். தடையின்றி ஒலித்தது. இரண்டு பெட்டிகளைச் சேர்க்கும் வசதியை இழந்தோம், அதனால் குறையில்லை. ஒரு பெட்டி நம்முடையதாகவே இருந்தது.